விவாத இழை: தாய்மாரும் மனைவியரும் சேர்ந்து உருவாக்கும் போர் நினைவுச்சின்னம் – 66 பெயர்கள், துணியா கல்லா?

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

போரில் இறந்த, காணாமல்போன 66 பேருடைய தாய்மாரும் மனைவியரும் சேர்ந்து தங்கள் கையாலேயே ஒரு நினைவுச்சின்னம் செய்ய வேண்டும். சிற்பியிடம் கொடுத்துச் செய்து வாங்குவதில் யாருக்கும் விருப்பமில்லை. தைக்கத் தெரிந்தவர்கள் 20 பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கத்தான் தெரியும். நான்கைந்து பேருக்குக் கண் மங்கல். உள்ளரங்கில் ஒரு சுவர் கிடைக்கிறது. 7 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். எந்தப் பொருளில் செய்வது, என்ன அளவு, எதில் சறுக்கும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்

முதலில் கல்லின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியில் மழை வெயிலில் நிற்க வேண்டுமென்றால் மெருகேற்றிய கறுப்பு கிரானைட்டுக்கு இணை இல்லை. வாஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரின் கல் நம் பெங்களூருப் பக்கத்திலிருந்து போனதுதான். பளிங்கு அழகு, ஆனால் திறந்தவெளியில் அமிலம் கலந்த மழையில் எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும்.

கல்லில் கெடுவது பெரும்பாலும் கல் அல்ல. பலகையைச் சுவரில் பிடிக்கும் இரும்பு ஊசிகள்தான். துருப்பிடித்த இரும்பு ஊதும், ஊதினால் கல்லின் மூலை தெறிக்கும். 316 தரத் துருப்பிடிக்காத எஃகு தவிர வேறெதையும் வைக்க விடாதீர்கள்.

இன்னொன்று, இடம். ஆஸ்திரேலியாவில் டூவூம்பா ஊரில் தாய்மார் பூ விற்றுப் பணம் சேர்த்து எழுப்பிய நினைவுச்சின்னம் 1922இல் திறக்கப்பட்டது. நட்டது தெருச் சந்திப்பில். போக்குவரத்து பெருகியதும் 1985இல் எதிர்ப்பை மீறிப் பூங்காவுக்குள் தள்ளி வைத்தார்கள். நாற்சந்தியில் இடம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "தங்கள் கையாலேயே" என்று சொல்கிறீர்களே, அங்கே கல் தோற்றுவிடும். மணல் பீய்ச்சி எழுத்து வெட்டுவது பட்டறை வேலை. உள்சுவர் என்றால் துணிக்கே போங்கள். கல்தச்சனே சொல்கிறேன்.

பின்தையல்

துணிதான். அளவிலிருந்து தொடங்குவோம்.

ஒரு பெயருக்கு ஒரு கட்டம்: தைத்து முடிந்தபின் 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். குறுக்கே 3, மேலிருந்து கீழே 6, ஆக 18 கட்டம் சேர்ந்தது ஒரு தொங்குதுணி: 135 × 180 செ.மீ. இப்படி நான்கு, மொத்தம் 72 கட்டம். நடுவில் 20 செ.மீ. இடைவெளி விட்டாலும் 6 மீட்டருக்குள் அடங்கும். எல்லாவற்றையும் ஒரே துணியாக இணைக்க ஆசைப்படாதீர்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என்று மூன்றடுக்கில் ஒரு தொங்குதுணியே ஒரு கிலோவுக்கு மேல் வரும். நான்கையும் சேர்த்தால் பெயர்த்து எடுக்க, சுருட்ட, பழுதுபார்க்க ஆறு பேர் வேண்டும்.

அமெரிக்காவில் எயிட்ஸால் இறந்தவர்களுக்காகத் தைத்த நினைவுத் துணியில் ஒருவருக்கு 3 × 6 அடி கொடுத்தார்கள், ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. எட்டைச் சேர்த்து 12 அடிச் சதுரம். கருத்தாக அது வலுவானது. 66 பேருக்கு அந்த அளவு கொடுத்தால் உங்கள் சுவர் ஐந்து மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

துணி: வெளுக்காத பருத்திக் காடா, சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவு. நெருக்கமான நெசவு. வாங்கியதும் வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சியை முழுக்க எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் பின்னால் சுருங்கும், வெள்ளிப்பூச்சியும் வரும். அதற்குக் கஞ்சிதான் தீனி. கட்டத்தை 36 × 51 செ.மீ. ஆக வெட்டிக்கொண்டு, எழுத்துத் தைத்து முடித்தபிறகு 32 × 47 ஆகச் சீராக்குங்கள். தைக்கும்போது துணி உள்ளே இழுபடும். முதலிலேயே கடைசி அளவுக்கு வெட்டினால் 66 கட்டமும் 66 அளவில் நிற்கும்.

நூல்: ஆறு இழைப் பருத்தி எம்பிராய்டரி நூல், இரண்டு இழையாகப் பிரித்துத் தைக்க வேண்டும். ஊசி எண் 7 அல்லது 8. நறுக்கும் நீளம் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமாக எடுத்தால் கடைசிப் பாதி பஞ்சாகத்தான் வரும். 8 மீட்டர் கண்டு ஒன்றில் இரண்டு கட்டம் தைக்கலாம். 40 கண்டுகளை ஒரே சாயத் தொகுதியில் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். கறுப்பிலேயே தொகுதிக்குத் தொகுதி வித்தியாசம் உண்டு, பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

தமிழ் எழுத்துக்குக் காம்புத் தையல். ஒவ்வொரு தையலின் நீளமும் நேர்கோட்டில் 4 மி.மீ., சுழியிலும் வளைவிலும் 2 மி.மீ. ஆகக் குறைக்க வேண்டும். ணு, ளு, ஞ போன்றவற்றில் குறைக்காவிட்டால் வளைவு கோணலாகி வேறெழுத்துப்போல் தெரியும். புள்ளிக்கு முடிச்சுத் தையல் போடாதீர்கள். பார்க்க அழகு, ஆனால் தொட்டுத் தொட்டு அவிழும். மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்தால் ஒருவருடைய பெயர் பிழையாகிவிடும். நான்கு குறுந்தையலை அடுக்கி நிரப்பிய புள்ளி அசையாது.

முடிச்சுப் போட்டுத் தொடங்க வேண்டாம். 4 செ.மீ. வால் விட்டு, பிறகு பின்பக்கத் தையலுக்குள் நுழைத்து மறையுங்கள். ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் பின்னால் நூலைத் தாண்டவும் விடாதீர்கள். வெளிர் துணியில் விளக்கு வெளிச்சம் பட்டால் அது நிழலாகத் தெரியும்.

முழக்கோல்

பின்தையல் சொன்னதில் ஒரு கணக்கு இடிக்கிறது. துணியின் அகலம் வழக்கமான 44 அங்குலம் என்றால் 112 செ.மீ. வெந்நீரில் இரண்டு முறை அலசினால் 106க்கு வந்துவிடும். இரண்டு கரையும் ஒவ்வொரு செ.மீ. நறுக்கினால் 104. அதில் 36 செ.மீ. துண்டு மூன்று வராது (108 வேண்டும்). இரண்டுதான் வரும், மூன்றில் ஒரு பங்கு துணி வீண்.

34 × 50 என்று வெட்டுங்கள். அகலத்தில் மூன்று வரும், இழுபட இடமும் மிஞ்சும். 72 கட்டத்துக்கு 24 வரிசை, 12 மீட்டர். பழகவும், பிழையானால் மாற்றவும் இன்னும் 4 வரிசை, 2 மீட்டர். நீளவாக்குச் சுருக்கத்தையும் சேர்த்து 15 மீட்டர் வாங்குங்கள். பின்துணி ஒவ்வொன்றும் 145 × 190 தேவை. 150 அகலத் துணி அலசியபின் போதாது, 160 அகலம் பாருங்கள், 8.5 மீட்டர்.

எல்லாக் கட்டத்திலும் நெசவு ஒரே திசையில் போக வேண்டும். சிலவற்றைத் திருப்பிப் போட்டால் தொங்கவிட்ட சில மாதத்தில் அவை மட்டும் தொய்யும்.

பின்தையல்

@முழக்கோல் சரிதான், அலசுவதற்கு முன் அகலத்தில் கணக்குப் போட்டுவிட்டேன். 34 × 50.

அகரவரிசை

துணி, நூல் எல்லாம் இரண்டாவது. முதல் இரண்டு மாதம் ஊசியைத் தொடவே கூடாது, பெயர்ப்பட்டியல்தான் வேலை. கெட்டுப்போகும் நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள். முழுப்பெயர், முன்னெழுத்து (தமிழிலா, ஆங்கில ஒலியிலா: "ச." என்றா "எஸ்." என்றா), பிறந்த தேதி, இறந்த தேதி, அந்தத் தேதி எங்கிருந்து கிடைத்தது. அரசுக் கடிதத்தில் ஒரு தேதியும் வீட்டில் நினைவுநாள் கொண்டாடும் தேதி வேறொன்றுமாக இருப்பது சகஜம். எதைத் தைப்பது என்பதைக் குடும்பம் எழுதிக் கையெழுத்திடட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

தாயும் மனைவியும் ஒரே பெயருக்கு உரிமை உள்ளவர்கள். அம்மா வீட்டுப் பெயரைக் கேட்பார், மனைவி படையில் வழங்கிய பெயரைக் கேட்பார். ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டுத் தைத்தால், திறப்புநாளில் மற்றவர் சுவர்முன் நின்று "இது யாரு?" என்பார். தாளில் இரண்டு கையெழுத்துக்கும் இடம் விடுங்கள்.

பிழைதிருத்தம்: ஒருவர் மூலத்தாளை எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் படியெடுத்ததைப் பார்க்க வேண்டும். "கண்ணன்" என்று சொல்லக் கூடாது; "க, ண் புள்ளி, ண, ன் புள்ளி" என்று சொல்ல வேண்டும். பிறகு ஆளை மாற்றி இன்னொரு முறை. கடைசியாக, உண்மையான அளவில் அச்சிட்ட தாளைக் குடும்பத்திடம் காட்டுங்கள். திரையில் காட்டினால் "சரிதான்" என்றுவிடுவார்கள். தாளைக் கையில் கொடுத்தால் விரல்வைத்துப் படிப்பார்கள்.

வரிசை: பதவி வரிசை வேண்டவே வேண்டாம். மிஞ்சுவது இரண்டு. அகரவரிசையில் வைத்தால் யாரும் உடனே தேடி எடுக்கலாம். இறந்த தேதிப்படி வைத்தால் ஒரே நாளில் போனவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். வியட்நாம் சுவர் அப்படித்தான், அதனால் அங்கே பெயர் தேடப் புத்தகம் ஒன்று வைக்க வேண்டியிருக்கிறது. 66 பேருக்குப் புத்தகம் தேவைப்படாது. என் வாக்கு தேதி வரிசைக்கு.

அகரவரிசை என்று முடிவானால் கணினியை நம்பாதீர்கள். யூனிகோடு எண்வரிசையில் 'ஜ' எழுத்து 'ச'வுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், 'ன' 'ந'வை ஒட்டி நிற்கும். முன்னெழுத்தைத் தள்ளி, பெயரின் முதலெழுத்தை வைத்துக் கையால் அடுக்குங்கள்.

நூல்கண்டு

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. மூன்று கேள்வி. எழுத்து எவ்வளவு உயரம்? துணிமேல் எதால் வரைவது? அப்புறம், எல்லாப் பெயரும் ஒரே அச்செழுத்தில் இருக்க வேண்டுமா, அவரவர் கையெழுத்திலேயே விடலாமா? இதில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

பின்தையல்

உயரம் 25 மி.மீ. பத்தடி தள்ளி நிற்பவர் சிரமமின்றிப் படிக்க அது போதும். 45 செ.மீ. கட்டத்தில் இருபுறமும் இடம் விட்டால் பதினான்கு எழுத்துவரை ஒரு வரியில் வரும். நீளமான பெயரைச் சிறிதாக்காதீர்கள், இரண்டு வரியாக்குங்கள். ஒருவர் பெயர் மட்டும் சின்னதாக நின்றால் அது தனியாகக் கண்ணைக் குத்தும்.

அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அச்சுப்பொறி சத்தமில்லாமல் சில சதவீதம் சுருக்கிவிடும். அளவுகோல் வைத்து ஒரு எழுத்தை அளந்துவிட்டே அடுத்த தாள்.

வரைவதற்கு: கண்ணாடி மேசைக்குக் கீழே விளக்கு வைத்து, தாளின்மேல் துணியைப் பரப்பி, நீரில் கரையும் பேனாவால் மெல்லிசாக. தைத்து முடித்ததும் குளிர்நீரில் முழுக்க நனைத்து எடுத்துவிட்டுத்தான் இஸ்திரி. நனைக்காமல் சூடு காட்டினால் மை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் மறையும் பேனா எக்காரணம் கொண்டும் வேண்டாம். குளிரில் அந்தக் கோடு திரும்ப வரும். வண்ண நூலைச் சாயம் சோதிக்காமல் தொடவே கூடாது, சிவப்பு முதல் குற்றவாளி. ஒரு துணுக்கில் நான்கு வரி தைத்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, இரண்டு வெள்ளைத்துணிக்கு நடுவே அழுத்திப் பாருங்கள்.

கையெழுத்துச் சண்டைக்கு என் பதில்: ஒரே அச்சு. கையெழுத்தில் விட்டால் நன்றாக எழுதத் தெரிந்த அம்மாவின் மகன் மட்டும் எடுப்பாகத் தெரிவான்.

அகரவரிசை

@பின்தையல் அதில் எனக்கு உடன்பாடில்லை. 66 கட்டத்தையும் ஒரே அச்சில் செய்தால், கடையில் செய்து வாங்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கண் மங்கிய அம்மா தைக்க முடியாது, ஆனால் எழுதுவார். நடுங்கிய கோடாக இருந்தாலும் அதன்மேலேயே வேறொருவர் தைக்கலாம்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகளைப் பாருங்கள். கல் எல்லாம் ஒரே அளவு: 813 மி.மீ. உயரம், 381 அகலம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசமில்லை. ஆனால் அடியில் குடும்பம் சொல்லும் ஒரு வரிக்கு 66 எழுத்து இடம் விட்டார்கள். பார்க்கிறவர்கள் நின்று படிப்பது அந்த வரியைத்தான்.

அதே வழி இங்கேயும் நடக்கும். பெயர் ஒரே அச்சில், 25 மி.மீ. அதன் கீழே ஒரே ஒரு வரி, தாயோ மனைவியோ தாளில் எழுதிக்கொடுத்த கையெழுத்து அப்படியே, ஒற்றை இழைப் பின்தையலில். வரிக்கு இத்தனை எழுத்து என்று எல்லை வையுங்கள். எல்லை வைக்காவிட்டால் கடிதமே வரும்.

பின்தையல்

ஒப்புக்கொள்கிறேன். ஒற்றை இழை என்றால் எழுத்து 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பெயரை அம்மாவே தைப்பார். பிறந்த தேதியையும் தைப்பார். இறந்த தேதியில் கை நின்றுவிடும், கட்டம் மாதக்கணக்கில் திரும்பி வராது. வற்புறுத்தாதீர்கள். தேதி வரியை வேறொருவர் தைப்பார் என்று முதல் கூட்டத்திலேயே பொது விதியாக அறிவித்துவிட்டால், யாரும் தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

பழகிய கைக்கு ஒரு கட்டம் எட்டு மணி நேரம். புதியவருக்கு இரண்டு மடங்கு. தைக்கவே வராதவர்கள் ஓரத்தில் நூலோட்டம் போடலாம், அதற்கும் கை வேண்டும்.

கல்தச்சன்

நேரத்தைப் பற்றிப் பேசுவதால்: ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் முதல் உலகப்போரில் மகனை 1914 அக்டோபரில் இழந்தார். அவனுக்காகச் செய்த சிலைகள் முடிந்தது 1932இல். முதலில் மகன் கிடப்பதுபோல் நினைத்துத் தொடங்கி, அதைக் கைவிட்டு, கடைசியில் மண்டியிட்ட தாயும் தந்தையும் மட்டும் மிஞ்சினார்கள். திறப்புவிழாத் தேதியை முதலில் அச்சடித்துவிட்டுத் தைக்க உட்காராதீர்கள்.

ஈரத்துணி

படைச்சீருடைத் துண்டு, சட்டைப் பித்தான், புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள், நிச்சயம்.

சீருடைத் துணி: துவைத்துச் சாயம் சோதித்துவிட்டுப் பட்டையாகச் சேர்க்கலாம். துவைக்க மறுப்பவர்கள் இருப்பார்கள், வாசம் போய்விடும் என்பார்கள். அவர்களிடம் முழுச்சட்டையைக் கேட்காதீர்கள், மடிப்புக்குள் இருக்கும் ஒரு விரல் அகலம் போதும். கம்பளியாக இருந்தால் பூச்சி முட்டை இருக்கலாம். பிளாஸ்டிக் பையில் காற்றை எடுத்து மூடி, −18 பாகைக்குக் கீழ் இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒருநாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் துணிமேல் நீர் கோக்கும்.

பித்தளைச் சின்னம்: துணியில் பச்சைக் கறை இறங்கும். அடியில் பாலியெஸ்டர் படலம் வைத்து, பின்துணிவரை நூல் போய்வரும்படி தைக்க வேண்டும். மேல்துணியில் மட்டும் பிடித்தால் எடை தாங்காமல் கிழியும். பசை எந்த வகையிலும் கூடாது. சூடுவைத்து ஒட்டும் படலமும் பசைதான். காலப்போக்கில் மஞ்சளாகி விறைக்கும்.

புகைப்படம்: மூலப்படத்தைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள், ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இஸ்திரி வைத்து ஒட்டும் படம் வெடித்து உரியும், அதுவும் முகத்தில்தான் முதலில் வெடிக்கும். பருத்தித் துணியில் நிறமி மையால் அச்சிடலாம். இருந்தாலும் என் கருத்து, படமே வேண்டாம். எல்லோரிடமும் படம் இருக்காது. இல்லாதவருக்கு ஒரு வெற்றுக் கட்டம் மிஞ்சும்.

பெட்டகம்

தொங்கவிடும் வேலை. மேலோரத்தின் பின்புறம் 10 செ.மீ. அகலக் குழல்பட்டை, முழு நீளத்துக்கும், ஆனால் இருபுறமும் 2 செ.மீ. உள்ளே. அதற்குள் அலுமினியக் குழாய். மரக்கம்பு வேண்டாம், மரத்தின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். துணியில் ஆணியோ வளையமோ நேரடியாகப் போட்டால் எடை முழுவதும் அந்தப் புள்ளிகளில் இறங்கும்.

வெளிச்சம் 50 லக்ஸ், அதாவது மங்கலான அறை. பெயர் படிக்க அது போதும், கண் பழக ஒரு நிமிடம் ஆகும். சன்னல் இருந்தால் திரை. சாயம் ஒருமுறை வெளுத்தால் திரும்பாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டவிட்டால் பூஞ்சை வரும். சுவருக்கும் துணிக்கும் நடுவே 3 செ.மீ. காற்றிடைவெளி கட்டாயம் வேண்டும்.

வருகிறவர்கள் தொடுவார்கள், முத்தமிடுவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். ஒரு மீட்டர் முன்னால் ஒரு தாழ்ந்த மேசை வையுங்கள். பூவும் விளக்கும் அங்கே நின்றுவிடும், துணிமேல் போகாது. பூச்சாறும் மெழுகும்தான் எடுக்கவே முடியாத கறை. தூசிக்கு, மேலே வலைத்துணி விரித்து மிகக் குறைந்த இழுவிசையில் உறிஞ்சுங்கள். துவைக்க வேண்டாம்.

எடுத்து வைக்கும்போது மடிக்காதீர்கள். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில், எழுத்துப்பக்கம் வெளியே இருக்கச் சுருட்டி, அமிலமற்ற மெல்லிய தாளை நடுவே வைத்து, அலசிய பருத்தியில் பொதியுங்கள். பின்பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிறு நாடா: யார் தைத்தது, எந்த ஆண்டு, நூலின் எண். இருபது வருடம் கழித்துப் பழுதுபார்க்கிறவர் முதலில் தேடுவது அந்த நூல் எண்ணைத்தான்.

நூல்கண்டு

72 கட்டத்தில் 66 பெயர் போக ஆறு மிஞ்சுகிறது. பின்னால் பெயர் சேர வாய்ப்புண்டு என்று வெறுமையாக விடலாம் என்கிறார்கள் சிலர். அப்புறம், இந்த 66இல் ஐந்து பேர் காணாமல்போனவர்கள். அவர்களை எப்படிக் காட்டுவது?

அகரவரிசை

வெறுங்கட்டம் விடாதீர்கள். இன்னும் படையில் இருக்கும் மகனின் தாயும் அந்தச் சுவரைப் பார்க்க வருவார். அவருக்கு அது யாருக்காக ஒதுக்கிய இடம் என்று தோன்றும்? ஆறையும் பிரித்து, கீழ் வரிசையின் நடுவில் தலைப்பு, ஆண்டு, ஒரு செடி வேலைப்பாடு என்று நிரப்பிவிடுங்கள். பெயர் சேர்ந்தால் ஐந்தாவது தொங்குதுணி. அதற்குத்தான் சுவரில் ஒரு மீட்டர் மிச்சம் இருக்கிறதே, அகலத்தைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ளலாம்.

காணாமல்போனவர்களுக்கு வியட்நாம் சுவரில் பெயரருகே கூட்டல் போன்ற குறி இருக்கும். இறப்பு உறுதியானால் அதன்மேல் சாய்சதுரம் வெட்டுவார்கள். உயிரோடு திரும்பினால் குறியைச் சுற்றி வட்டம் போடுவது என்றும் விதி உண்டு.

ஈரத்துணி

துணியில் அதற்கு இன்னும் பழைய வழி இருக்கிறது. 1917இல் அமெரிக்காவில் வீட்டுச் சன்னலில் தொங்கவிட்ட சேவைக் கொடியில், படையில் இருப்பவருக்கு ஒரு நீல நட்சத்திரம். இறந்தால் நீலத்தைப் பிரித்து எடுக்க மாட்டார்கள்; அதன்மேல் சற்றுச் சிறிய தங்க நட்சத்திரத்தைத் தைப்பார்கள், ஓரத்தில் நீலம் மெல்லிசாகத் தெரியும்படி.

பின்தையல்

அந்த ஐந்து கட்டத்தை மட்டும் மற்றவைபோல இணைப்புத் தையலுக்குள் வைக்காதீர்கள். அந்த இடத்தில் வெறும் காடாக் கட்டம் ஒன்றை இணைத்துவிட்டு, பெயர்க்கட்டத்தை ஓரம் மடித்து அதன்மேல் மறைதையலில் உட்காரவையுங்கள். தையலுக்குத் தையல் 5 மி.மீ., நான்கு பக்கமும் தனித்தனி நூல். முன்னால் நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, சேதி வந்தால் அதை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

இறந்த தேதி வரிக்கான இடத்தை வரையாமல் விடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 15 மி.மீ. வட்டம், நூலோட்டத்தில், ஒற்றை இழையில். தொடக்கத்திலும் முடிவிலும் நூலை மறைக்க வேண்டாம். நுனி இரண்டையும் பின்பக்கம் 5 செ.மீ. வெளியே விடுங்கள். சேதி எதுவாக வந்தாலும் கத்தரி தேவைப்படாது, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் வட்டம் முழுசாக வந்துவிடும்.